பாட்டியின் படம் சுவருக்கு வந்த கதை

சென்னைக்குத் தெற்கே, மாடம்பாக்கத்தில் பல வீடுகளின் கூடத்தில், தெற்குச் சுவரில் ஒரு படம் தொங்கும். கண்ணாடிச் சட்டத்தின்மேல் சந்தனமும் குங்குமமும் இட்டிருக்கும். சந்தனச் சீவலில் கட்டிய மாலை போட்டிருக்கும். அடியில் ஒரு குட்டிச் சிவப்பு பல்பு இரவும் பகலும் எரியும். படத்தில் இருப்பவர் அந்த வீட்டுப் பாட்டி. சில வீடுகளில் அவர் ஆயா. தாத்தாவுக்கு மனைவியாகவும், பிள்ளைகளுக்கு அம்மாவாகவும், பேரன் பேத்திகளுக்குக் கதை சொன்னவராகவும் வாழ்ந்து முடித்தவர். தெற்கு முன்னோரின் திசை. இல்லறத்தான் பேண வேண்டிய ஐவரில் தென்புலத்தாரைத்தான் வள்ளுவர் முதலில் வைத்தார். அதனால் படம் தெற்கில் மாட்டப்பட்டு, வீட்டைப் பார்த்தபடி இருக்கிறது.

பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டதால் இது ஏதோ காலங்காலமாக வந்த வழக்கம் என்று நமக்குத் தோன்றுகிறது. அப்படி இல்லை. இறந்தவரை நினைப்பது பழசு, படைப்பதும் பழசு. அரசியாகவோ தெய்வமாகவோ இல்லாத ஒரு சாதாரணப் பெண்ணின் முகம், அவள் போன பிறகும் வீட்டில் இருப்பது மட்டும் மிகப் புதிது. அதற்கு இருநூறு வயதுகூட ஆகவில்லை. அந்தப் படம் நம் சுவருக்கு வந்து சேர்ந்த வழியில் சோழ அரசிகள் இருக்கிறார்கள்; ஜெர்மானியக் கோழி முட்டை இருக்கிறது; விக்டோரியா மகாராணியும் டி.என். சேஷனும்கூட இருக்கிறார்கள்.

தொடக்கத்தைத் தேடி வெகுதூரம் போக வேண்டாம், பல்லாவரம் போதும். 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் பழைய கற்கால ஆயுதத்தைக் கண்டெடுத்து உலகையே திரும்பிப் பார்க்க வைத்த அதே பல்லாவரத்தில், அந்த நூற்றாண்டு முடிவதற்குள் அலெக்சாண்டர் ரே மண்ணால் செய்த ஈமப் பேழைகளைத் தோண்டி எடுத்தார். வரிசையாகக் குட்டைக் கால்கள் வைத்த நீளமான சுடுமண் பெட்டிகள் அவை. சென்னையின் தென்புறம் முழுவதுமே இத்தகைய பெருங்கற்காலப் புதைகுழிகள் நிறைந்த நிலம். எத்தனை பேருடைய அம்மாக்கள் அவற்றில் உறங்கினார்களோ! அவ்வளவு உழைத்துப் பேழை செய்து, அதற்குக் காலும் வைத்து அடக்கம் செய்தவர்களுக்கு அன்பு இல்லாமல் இருந்திருக்க முடியாது. ஆனால் ஒரு பெயரோ ஒரு முகமோ நம்மிடம் வந்து சேரவில்லை.

பெயர் வந்தது நடுகல்லோடு. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த தமிழ்-பிராமி நடுகற்கள், இந்தியாவில் இதுவரை கிடைத்த எழுத்துடைய நடுகற்களிலேயே மிகப் பழமையானவை என்று கருதப்படுகின்றன. ஆண்களுக்கு நட்ட கற்கள் அவை; அவற்றில் ஒன்று ஆநிரை கவரும் பூசலில் பட்டவனுக்கு நட்டது. பெண்ணுக்குக் கல் எடுத்த கதை என்றால் நம் எல்லோருக்கும் முதலில் நினைவு வருவது கண்ணகி. அவளுக்காகச் சேரன் செங்குட்டுவன் இமயத்திலிருந்து கல்லெடுத்து, கங்கையில் நீராட்டிக் கொண்டுவந்ததாகச் சிலப்பதிகாரம் சொல்கிறது. அந்த விழாவுக்கு இலங்கைக் கயவாகு வந்ததாகவும் சொல்கிறது. கடல் தாண்டிப் போன கண்ணகி அங்கே சிங்களவருக்குப் பத்தினித் தெய்வமானாள். மகத்தான பயணம்தான். ஆனால் கண்ணகிக்குத் தலை நரைக்கவில்லை. பேரப்பிள்ளைகளை மடியில் போட்டுக்கொள்ளும் காலம் அவளுக்கு வாய்க்கவே இல்லை. கணவனோடு தீப்பாய்ந்த பெண்களுக்கும் பின்னாளில் ஊர்தோறும் கல் நட்டார்கள். ஒரு பெண்ணின் சாவில் வீரமோ கொடுமையோ இருந்தால்தான் கல். ஐம்பது வருஷம் அடுப்படியில் நின்று, பத்துப் பிள்ளை பெற்று, படுக்கையில் கண் மூடியவளுக்கு ஒன்றும் இல்லை.

முதுமை வரை வாழ்ந்த ஒரு பெண்ணைக் கொண்டாடிய கதை வேண்டுமானால் சோழர்களிடம் போக வேண்டும். மாடம்பாக்கத்துக்காரர்களுக்கு அது சொந்த ஊர்க் கதை. ஊர் நடுவே இருக்கிற தேனுபுரீஸ்வரர் கோயில், தூங்கானை மாடமாக யானையின் பின்புறம்போல் வளைந்த கருவறையோடு, சுந்தர சோழர் காலத்துக் கட்டுமானமாகச் சொல்லப்படுவது. அந்தச் சுந்தர சோழரின் பெரியப்பா கண்டராதித்தர். கண்டராதித்தரின் மனைவி செம்பியன் மாதேவி. இளமையிலேயே கணவரை இழந்தவர், உத்தம சோழனுக்கு அம்மா, ராஜராஜனுக்குப் பாட்டி முறை. செங்கல்லாக இருந்த கோயில்களைக் கற்றளியாக்குவதையே வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டு, சோழ சிம்மாசனத்தில் அரசர்கள் பலர் மாறி மாறி அமர்வதைப் பார்த்தபடி நெடுங்காலம் வாழ்ந்தார். திருநல்லத்தில், அதாவது இன்றைய கோனேரிராஜபுரத்தில், கணவர் பெயரால் கோயில் எழுப்பி, அவர் லிங்கத்தை வணங்குவதுபோல் சுவரில் சிற்பமும் வைத்தார். மனைவி கணவனின் உருவத்தைச் சுவரில் வைத்த பழைய சான்றுகளில் அது ஒன்று.

அவரை மற்றவர்கள் நினைத்த விதம் இன்னும் அழகு. நாகப்பட்டினம் அருகே அவர் பெயராலேயே விளங்கும் ஊர்க் கோயிலில், அவர் பிறந்த கேட்டை நட்சத்திர நாளைக் கொண்டாட நிவந்தம் எழுதி வைத்தவர்கள் உத்தம சோழனின் மனைவியர். மாமியாரின் பிறந்தநாளுக்கு மருமகள்கள் அறக்கட்டளை வைத்தார்கள்! ராஜேந்திர சோழன் காலத்தில் அதே கோயிலில் அவருக்குச் செப்புத் திருமேனியும் எடுக்கப்பட்டது. தஞ்சைப் பெரிய கோயிலில் குந்தவை, தன் தந்தை சுந்தர சோழருக்கும் தாய்க்கும் திருமேனிகள் செய்து வைத்ததைக் கல்வெட்டு சொல்கிறது. ராஜேந்திரனோ ஒருபடி மேலே போய், பழையாறையில் தன் சிற்றன்னை பஞ்சவன்மாதேவிக்காகப் பள்ளிப்படை எனப்படும் நினைவுக் கோயிலையே எழுப்பினான். மகளும், மருமகள்களும், மூத்தாள் மகனும் தங்கள் வீட்டுப் பெரிய பெண்மணியை உலகத்துக்குச் சொல்ல ஆசைப்பட்டிருக்கிறார்கள். இன்று முதலாண்டு நினைவஞ்சலி விளம்பரம் கொடுக்கிற ஆசையும் அதே ஆசைதான் என்று எனக்குப் படுகிறது.

செம்பியன் மாதேவியின் உருவம் என்று பல அறிஞர்கள் கருதும் ஒரு செப்புத் திருமேனி இன்று அமெரிக்காவில், வாஷிங்டன் ஃப்ரீர் கலைக்கூடத்தில் நிற்கிறது. ஏறக்குறைய மூன்றரை அடி உயரம். நியூயார்க்கில் கலைப்பொருள் வணிகம் செய்த ஹகோப் கெவோர்கியன் என்பவரிடமிருந்து 1929இல் அந்தக் கலைக்கூடம் அதை வாங்கியது. இது எங்கள் ஊர்க் கோயிலில் திருடு போனது, திரும்ப வேண்டும் என்று தமிழகச் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு 2022இல் அறிவித்தது. அந்தச் சிலையைப் பார்க்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். மூக்கும் முகவெட்டும் குறிப்பிட்ட ஒரு பெண்ணுடையதுபோல் இருக்கின்றன. இடுப்பும் நிற்கும் ஒயிலும் பார்வதிக்குரியவை. அரசியே ஆனாலும் அம்மனின் உடலைக் கடன் வாங்கித்தான் நிற்க வேண்டியிருந்தது.

அரசி அல்லாதவர்களை வீட்டார் மறந்துவிட்டார்களா? இல்லவே இல்லை. தொண்டை மண்டலத்து வீடுகளில் பூவாடைக்காரி உண்டு. பூவும் பொட்டும் வாடாமல் போன சுமங்கலியையும், கல்யாணம் காணாமல் போன கன்னியையும் குடும்பத்தின் சாமியாக நினைத்துக் கும்பிடும் வழக்கம் அது. கல்யாணமோ நல்ல காரியமோ எடுப்பதற்கு முன்னால் ஏரிக்கரையிலோ கிணற்றடியிலோ கலசத்தில் நீர் முகந்து, பூச்சுற்றி, மேளத்தோடு வீட்டுக்கு அழைத்து வருவார்கள். புதுப்புடவை, மஞ்சள், வளையல், அவளுக்குப் பிடித்த பலகாரம் எல்லாம் வைத்துப் படைப்பார்கள். அந்தப் புடவையை வீட்டுப் பெண்ணொருத்தி கட்டிக்கொள்வாள். பிராமண வீடுகளில் சுமங்கலிப் பிரார்த்தனை ஏறக்குறைய இதே வேலையைச் செய்கிறது. இதைவிடப் பாசமான ஒரு நினைவுச் சடங்கு எங்காவது உண்டா என்று நான் தேடிப் பார்த்ததுண்டு, கிடைக்கவில்லை. என்றாலும் கலசத்துக்கு முகம் இல்லை. திவசத்தில் பெயர் சொல்வதும் அம்மா, பாட்டி, கொள்ளுப்பாட்டி என்று மூன்று தலைமுறையோடு நின்றுவிடும். அதற்கு அப்பால் இருப்பவர்கள் எல்லோரும் ஒட்டுமொத்தமாக முன்னோர்.

அந்த முகத்தைத் தந்தது புகைப்படம். 1839இல் பாரிஸில் தாகேர் தன் புகைப்பட முறையை உலகுக்கு அறிவித்தார். அடுத்த ஆண்டே கருவிகள் கல்கத்தாவுக்குக் கப்பலேறிவிட்டன. சென்னையில் கலைப்பள்ளி தொடங்கிய மருத்துவர் அலெக்சாண்டர் ஹண்டர் போன்றோரின் ஊக்கத்தால் 1856இல் புகைப்படச் சங்கம் உருவானது. லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி சென்னை மாகாணத்தின் அரசுப் புகைப்படக்காரரானார். அவர் 1858இல் தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போய், அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாகப் படமெடுத்து, 21 படங்களை ஒட்டி நீளமான ஒரே சுருளாக்கினார். குந்தவை தன் அம்மாவுக்குச் சிலை வைத்த சேதி பொறித்திருக்கும் அதே கோயிலுக்குள், எல்லா அம்மாக்களுக்கும் உருவம் தரப்போகிற கருவி நுழைந்தது அப்படித்தான். கொஞ்ச நாளில் கவர்னர் சார்லஸ் ட்ரெவெலியன், இது அரசுக்குத் தேவையற்ற ஆடம்பரம் என்று டிரைப்பின் வேலையையே நிறுத்திவிட்டார்.

அக்காலத்துப் படங்கள் அச்சான தாளைப் பற்றி ஒரு சேதி. முட்டையின் வெள்ளைக்கருவில் உப்புக் கலந்து தாளில் பூசி, அதன்மேல் வெள்ளி நைட்ரேட் ஏற்றுவார்கள். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்து ஆலைகள் தினமும் பல்லாயிரம் முட்டைகளை உடைத்து உலகத்துக்கே இந்தத் தாளை அனுப்பின. பூண்டுகூடச் சேர்க்காத மடிசார் மாமிகளின் முகங்களும் அந்த முட்டைப் பூச்சில்தான் தங்கின. அவர்களிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

விலையைக் குறைத்தவர் டிஸ்டேரி என்ற பாரிஸ்காரர். ஒரே தகட்டில் எட்டுப் படம் எடுத்து, விசிட்டிங் கார்டு அளவில் வெட்டித் தரும் முறைக்கு 1854இல் காப்புரிமை வாங்கினார். உலகமே அவரைக் காப்பியடித்தது. 1861இல் கணவர் ஆல்பர்ட் இறந்தபோது விக்டோரியா அவருடைய படத்துக்கு மலர்வளையம் சூட்டித் தன் கட்டில் தலைமாட்டில் மாட்டிக்கொண்டார். பிறகு நாற்பதாண்டு கறுப்பு உடையைக் களையவில்லை. அவரைப் பார்த்து நாம் மாலை போடக் கற்றோம் என்று நான் சொல்லவில்லை. துக்கத்தில் இருக்கிற மனைவிக்கு விண்ட்சரிலும் வேங்கைவாசலிலும் கை ஒரே மாதிரிதான் போகிறது.

மாலை நம்முடையது, அது சாமி வழியாக வந்தது. சாமி படம் மட்டும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. ரவி வர்மா 1894இல் பம்பாயில் ஜெர்மானிய இயந்திரங்களும் வல்லுநர்களும் கொண்டு அச்சகம் தொடங்கினார். சில ஆண்டுகளில் அது ஃப்ரிட்ஸ் ஷ்லைஷர் என்ற ஜெர்மானியர் கைக்கு மாறியது. லட்சுமியும் சரஸ்வதியும் வண்ணத் தாளில் வீடு வீடாக வந்தார்கள். சட்டம், கண்ணாடி, ஆணி, தினமும் ஒரு முழம் பூ என்ற ஏற்பாடு அவர்களோடு வந்து நிலைத்தது. பின்னால் சிவகாசி அச்சகங்கள் அந்தப் படங்களைக் காலண்டராக்கிக் கடைக்குக் கடை கொடுத்தன. அந்தக் காலண்டர்ச் சாமிகளை வரைந்தவர்களில் முன்னோடியான கோவில்பட்டி சி. கொண்டையராஜு சென்னைக் கலைப்பள்ளியில் பயின்றவர். நாடகக் கம்பெனிகளுக்குத் திரைச்சீலை எழுதிய கை அவருடையது. சாமி படத்துக்குப் பக்கத்து ஆணியில் பாட்டியை மாட்டியபோது, பூவும் பொட்டும் விளக்கும் தாமாகவே நகர்ந்து அவருக்கும் வந்துவிட்டன.

சடங்கை விட்டவர்களுக்கும் படம் வேண்டியிருந்தது. 1933 மே மாதம் நாகம்மையார் மறைந்தபோது பெரியார் தன் குடி அரசு இதழில் எழுதிய தலையங்கம், தமிழில் ஒரு கணவன் மனைவிக்கு எழுதிய இரங்கல்களில் தனித்து நிற்பது. யாரும் அழக் கூடாது என்று நினைத்த மனிதர், தன்னைவிட்டு எது போயிற்றென்று சொல்வது என்று கேள்விமேல் கேள்வியாக அடுக்கினார். பிறகு சுயமரியாதைக் குடும்பங்களில் கருமாதியின் இடத்தைப் படத்திறப்பு பிடித்தது. திரையை விலக்கினால் அம்மாவின் படம். நாலு பேர் எழுந்து அவரைப் பற்றிப் பேசுவார்கள். மந்திரத்தில் கோத்திரமும் பெயரும் மட்டும் வரும். படத்திறப்பில் அவர் யாருக்குச் சோறு போட்டார், யாருடைய கல்யாணத்தை முடித்து வைத்தார், எந்தப் பிள்ளையைப் படிக்க வைத்தார் என்பதெல்லாம் வந்தன. இப்போது பதினாறாம் நாள் காரியத்தையும் படத்திறப்பையும் ஒரே அழைப்பிதழில் போடும் வீடுகள் உண்டு.

வாழ்க்கையை எழுதியே வைத்தவர்கள் யாழ்ப்பாணத்தார். 31ஆம் நாளில் உறவினர்க்குக் கொடுக்கும் நினைவு மலரில் இறந்தவரின் படம், பிறந்த ஊர், வம்சம், வாழ்ந்த வாழ்க்கை, மறைந்த திதிக்கு ஒரு வெண்பா, பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் புலம்பும் பாக்கள், ஓதுவதற்குத் தேவாரமும் சிவபுராணமும் எல்லாம் இருக்கும். அங்கே இதைக் கல்வெட்டு என்றும் சொல்வார்கள். போர் அந்த மக்களை லண்டனுக்கும் டொரண்டோவுக்கும் சிதறடித்தபோது, மலரும் கூடவே போய் அங்கே அச்சானது. நூலகம் என்ற இணையச் சேகரிப்பு இப்படிப்பட்ட மலர்களை மின்வடிவில் காத்து வருகிறது. எந்த வரலாற்று நூலிலும் இடம் கிடைக்காத பெண்களின் வாழ்க்கை அங்கே பக்கம் பக்கமாக இருக்கிறது. தமிழ்நாட்டில் நாம் இதைச் செய்யாமல் விட்டது பெரிய இழப்பு.

இங்கே நம்மிடம் இருந்தது ஸ்டுடியோ. தஞ்சாவூர்ப் பக்கமிருந்தும் திருநெல்வேலிப் பக்கமிருந்தும் வேலைக்கு வந்து, தாம்பரம் வரை 1931இலேயே ஓடத் தொடங்கிய மின்சார ரயிலை நம்பி, பிற்பாடு சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், மாடம்பாக்கம் என்று மனை வாங்கியவர்கள் அம்மாவின் படத்தைப் பழைய புடவையில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்று பயந்த தலைமுறை அது. பல வீடுகளில் அம்மாவுக்குத் தனிப் படமே கிடையாது. இறந்த பிறகு நாற்காலியில் சாய்த்து, மாலை போட்டு, சுற்றிலும் பிள்ளைகளை நிற்க வைத்து எடுத்த படம் ஒன்றிருக்கும். இல்லாவிட்டால் மகள் கல்யாண குரூப் போட்டோவில் மூன்றாவது வரிசையில் பாதி முகம் இருக்கும். ஸ்டுடியோக்காரர் அந்த முகத்தை மட்டும் வெட்டியெடுத்து என்லார்ஜ் செய்து, கண்ணைத் திறந்துவிட்டு, காதில் தோடும் தோளில் பட்டுப்புடவையும் தூரிகையால் தீட்டுவார். வாழ்நாள் முழுக்கச் சின்னாளப்பட்டிச் சேலையைத் தாண்டாதவர்கள் சுவரில் காஞ்சிபுரம் கட்டியிருப்பது அப்படித்தான்.

எதிர்பாராத உதவி தேர்தல் ஆணையத்திலிருந்து வந்தது. தலைமைத் தேர்தல் ஆணையர் டி.என். சேஷன் 1993இல் வாக்காளருக்குப் புகைப்பட அடையாள அட்டை வேண்டும் என்று உத்தரவிட்டார். கள்ள ஓட்டைத் தடுப்பது அவர் நோக்கம். அதன் பக்கவிளைவாக, பள்ளிக்கூடத் திண்ணையில் வரிசையில் நின்ற பாட்டிகள் பலருக்கு முதல்முறையாகத் தனியே எடுத்த படம் ஒன்று கிடைத்தது. நெற்றி சுருங்கி, யாரிடமோ கோபித்துக்கொண்டதுபோல் அதில் பார்ப்பார்கள். அவர்கள் போன பிறகு பிள்ளைகள் அந்த அட்டையைத்தான் ஸ்டுடியோவுக்கு எடுத்துப் போனார்கள். பின்னால் ஆதார் அந்த இடத்துக்கு வந்தது. படத்தின் கீழ் எழுத வேண்டிய பிறந்த தேதியும் ஆதாரிலிருந்தே வருகிறது. தேதி தெரியாத பாட்டிகளுக்கு அட்டை போட்டவர் குத்துமதிப்பாக ஜனவரி 1 என்று பதிந்திருப்பார். சுவரிலும் அதுவே நிலைத்துவிட்டது.

2000க்குப் பிறகு ஃப்ளெக்ஸ் வந்தது. சட்டத்துக்குள் அரையடியாக இருந்த முகம் தெருமுனையில் பத்தடி ஆனது. உயிரோடு இருப்பவர் படத்தைப் போட்டு பேனர் வைக்கக் கூடாது என்று 2017 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது. அந்தக் கணக்கில் பேனருக்கு உரியவர்கள் காலமானவர்கள் மட்டுமே என்றானது. 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் அனுமதியின்றி வைத்த ஒரு கல்யாண பேனர் சரிந்து, ஸ்கூட்டரில் போன இளம்பெண் உயிரிழந்தார். அவரும் ஒரு வீட்டுச் சுவரில் படமானார். அதன் பிறகு இந்தப் பக்கத்துத் தெருக்களில் பேனருக்குக் கெடுபிடி கூடியது. அஞ்சலிகள் வாட்ஸ்அப்புக்கு இடம் மாறின. கொரோனா காலத்தில், அமெரிக்காவிலிருந்து வர முடியாத மகன்கள் அம்மாவின் கடைசிப் பயணத்தைக் கைபேசியில்தான் பார்த்தார்கள்.

2021இல் மைஹெரிடேஜ் என்ற நிறுவனம், பழைய படத்தைக் கொடுத்தால் அதில் இருப்பவரை அசைய வைக்கும் வசதி ஒன்றை வெளியிட்டது. நம் பிள்ளைகளும் பாட்டியைக் கொடுத்துப் பார்த்தார்கள். பாட்டி கண் சிமிட்டினார், தலையை மெல்லத் திருப்பினார், புன்னகைத்தார். வேறு யாரையோ வைத்து முன்பே எடுத்த அசைவுகளை முகத்தின்மேல் பொருத்துவதுதான் அந்த நுட்பம். பார்வதியின் இடுப்பும் ஸ்டுடியோக்காரரின் பட்டுப்புடவையும் போல இதுவும் கடன் வாங்கியதுதான். பேத்திகள் மகிழ்ந்தார்கள். அவரோடு நாற்பது ஐம்பது வருஷம் இருந்த மகள்களுக்கு ஒப்பவில்லை. அம்மா சிரித்தால் முதலில் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொள்வார், பிறகுதான் தோள் குலுங்கும் என்று அவர்கள் திருத்தினார்கள். பேத்திகளில் சிலர் அதைக் கைபேசியில் பதிவு செய்துகொண்டார்கள்.